இரண்டாம் பக்கத்தில் இருந்த மகள்

கடிதத்தின் சுத்தப் பிரதியை இரண்டாம் முறையாக எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பிரதியில் டாக்டரின் பெயருக்குக் கீழே கடுகளவு மை சிந்திவிட்டது. அப்படி ஒரு தாளை வெள்ளைக்கார டாக்டருக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. புதுத் தாள் எடுத்தேன். பேனா முள்ளை மாற்றினேன். இடது பக்கம் இரண்டு விரற்கடை இடம் விட்டு, முதல் எழுத்தை நன்றாக வளைத்து இழைத்து, ‘மேக்னிபிசென்ட்’ என்ற சொல்லை எழுதினேன்.

அடுத்த அறையில் பாயில் படுத்திருந்த என் மகள் சரசு மூச்சு விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஈரப் பலகையை வாளால் இழுத்து இழுத்து அறுப்பது போன்ற சத்தம். அவளுக்கு அப்போது எட்டு வயது.

என் மனைவி பாக்கியம் அறை வாசலில் வந்து நின்றாள்.

“இன்னுமா எழுதுறீங்க?”

“முடிஞ்சிருச்சு. இது ஃபேர் காப்பி, சுத்தமா எழுதுறது.”

“பத்து மணிக்கும் இதையேதான் சொன்னீங்க.”

அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் கருணையைக் குறிக்கும் சொல்லைப் போடுவதா, குலப்பெருமையைக் குறிக்கும் சொல்லைப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்தப் பத்திரிகைத் தொடருக்காக இதை எழுதும் இந்த நிமிஷமும் என் எழுத்து கோணிக்கொண்டுதான் போகிறது. உங்களுக்கு என் கையெழுத்து தெரியப் போவதில்லை. அச்சுக் கோப்பவர்தான் சிரமப்படுவார்.

கேட்டவருக்குப் பதில்

சென்ற வாரம் கிள்ளானில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பழைய நண்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் கோலாலம்பூரில் எந்தப் பிரிவுபசாரம் நடந்தாலும் உன் இங்கிலீஷ்தானே வாசிக்கப்படும், இப்போது ஏன் எழுதுவதே இல்லை, கை வலியா, கர்வமா என்கிறார்.

இரண்டும் இல்லை. இந்த வாரம் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிரிவுபசாரப் பத்திரம் என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ கப்பல் ஏறப் போகிறார் என்று தெரிந்தவுடன் ஒரு கமிட்டி கூடும். மாலைக்கு ஒருவர், பன்னீருக்கு ஒருவர், போட்டோகிராபருக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்துக்கொள்வார்கள். புகழுரையை சாட்டின் துணியில் தங்க எழுத்தில் அச்சடித்து, தேக்குச் சட்டம் போட்டு, சபையில் வாசித்துக் கொடுப்பார்கள். அதிகாரி கழுத்து வியர்க்க, மாலையோடு உட்கார்ந்து கேட்பார்.

அந்தப் புகழுரையை எழுத ஒரு ஆள் வேண்டுமே. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த ஆள் நான். ரயில்வே ஆபீஸில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸில் எழுதியது ஃபைலோடு போயிற்று. வெளியில் எழுதியதுதான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

எனக்கென்று சில விதிகள் வைத்திருந்தேன். முதல் பக்கம் முழுவதும் புகழ்ச்சி. அதில் காரியத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட வரக்கூடாது. கேட்க வேண்டியது எதுவானாலும் இரண்டாம் பக்கத்தில், நான்கு வரிக்குக் கீழேதான் வர வேண்டும். முதல் பக்கத்திலேயே கையை நீட்டுகிறவன் நாகரிகம் தெரியாதவன் என்பது என் கொள்கை. பத்திரத்தில் தொடங்கிய இந்தப் பழக்கம், நான் எழுதிய மனுக்களிலும் சொந்தக் கடிதங்களிலும் வந்து குடியேறிவிட்டது.

அவை எல்லாவற்றிலும் முதல் ஆசனம் அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

செத்த புலி, நீந்திய நாய்

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது கிள்ளான் ரயில் நிலையத்தில். என் அப்பாவுக்குக் கம்பிச் சடக்கில் வேலை. தண்டவாளக் கட்டைகளை மாற்றுகிற கூட்டத்தில் ஒருவர். அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் சுட்ட புலி ஒன்றை மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். வால் வண்டிக்கு வெளியே தொங்கி, மண்ணில் கோடு இழுத்துக்கொண்டு வந்தது. கூட்டத்தில் ஒரு துரை, வாயிலிருந்த பைப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

“அவரு என்னப்பா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“பெருசா இருக்குன்னு சொல்றாரு. நீ தள்ளி நில்லு, சட்டையில ரத்தம் படும்.”

பிறகு பள்ளிக்கூடத்து அகராதியைப் புரட்டியபோது, அப்பா சொன்னது முழுப் பொருள் இல்லை என்று தெரிந்தது. மகத்தான, மாட்சிமை பொருந்திய, கம்பீரமான, கண்கொள்ளாத என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். கடைசியில் ‘பகட்டான’ என்றும் ஒரு பொருள் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் படிக்காதவன்போல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பெரியவனாகி வேலைக்கு வந்த பிறகு, வெள்ளைக்காரர்கள் அதை எப்போது சொல்கிறார்கள் என்று கவனிக்கத் தொடங்கினேன். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு. மலையைச் சொல்வார்கள். மழைக்கு முன்னால் கறுத்து எழும் மேகத்தைச் சொல்வார்கள். கிரிக்கெட்டில் ஒருவர் பந்தை எல்லைக்கு வெளியே அடித்தால் சொல்வார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதனை அப்படி அழைத்து ஒருநாளும் நான் கேட்டதில்லை.

என்னுடைய முதல் மேலதிகாரி, நான் அவரிடம் வேலை பார்த்த காலமெல்லாம் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வெள்ளம் வந்த சமயத்தில் அவருடைய நாய் கலங்கல் தண்ணீரில் நீந்திக் கரையேறி, உடம்பை உதறிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்துச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவருடைய பிரிவுபசாரத்தில் அவரையே நான் அந்தச் சொல்லால் மூன்று இடத்தில் அழைத்திருந்தேன். மூன்று தடவையும் அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

இங்கிலீஷின் மேல் பழி போட்டுத் தப்பிக்க நான் விரும்பவில்லை. ‘மகாகனம் பொருந்திய’ என்று தொடங்காமல் நம் முன்னோர்கள் யாருக்காவது எழுதியிருக்கிறார்களா? அந்தப் பழக்கத்தோடுதான் கப்பலேறி வந்தோம். இங்கே வந்து அதற்கு ஒரு கோட்டு வாங்கிப் போட்டோம்.

பலகையும் பைப்பும்

மஸ்ஜித் இந்தியா தெருவில் ஜவுளிக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், பெயர்ப் பலகைக்காக என்னைத் தேடி வந்தார்.

“கிராணியாரே, பெரிய வார்த்தையா ஒண்ணு கொடுங்க. படிக்கிறவன் வாய் நோகணும்.”

இதையே கொடுத்தேன். பலகை கடையின் அகலத்தையும் தாண்டிப் பக்கத்துக் கடை வரைக்கும் போய்விட்டது. வாங்க வந்தவர்களில் பத்துக்கு ஒருவரால்கூட அதைப் படிக்க முடியவில்லை. ‘நீளப் பலகைக் கடை’ என்றே அந்தக் கடைக்குப் பெயராயிற்று. ராவுத்தருக்குக் கொள்ளை சந்தோஷம்.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு நான் எழுதிய மனுவும் இப்படித்தான் பேர் வாங்கியது. மூன்றாம் வாரமே குழாய் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆறுமுகம், ரயில் தடம் மாற்றுகிற வேலை பார்ப்பவர், குழாயடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நம்ம ஐயா போடுற வார்த்தைக்குத் துரையே டிக்ஷனரி தேடணும்லா. தேடி அலுத்துப் போயிதான் பைப் கொடுத்திட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழாய்க்கான உத்தரவு, என் மனு போய்ச் சேருவதற்கு ஒரு மாதம் முன்பே கையெழுத்தாகியிருந்தது என்பதைப் பிற்பாடு ஆபீஸ் ஃபைலில் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

என் எழுத்தால் காரியம் நடக்கும் என்று ஊர் நம்பியது. ஊரைவிட அதிகமாக நான் நம்பினேன். சரசுவுக்குத் தொண்டை அடைத்த அன்று என் நிலைமை இதுதான்.

முச்சந்தியில் நின்றது

இரண்டு நாள் காய்ச்சலும் தொண்டை வலியும். தெரிந்த டிரெஸ்ஸர் ஒருவர், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவர், வந்து தொண்டையில் மருந்து தடவிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலையில் கழுத்து வீங்கி, தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டன. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது உள்ளே சாம்பல் வெள்ளையில் ஆடை படர்ந்திருந்தது. எச்சில் விழுங்குவதற்குக்கூடப் பிள்ளை இரண்டு கையாலும் பாயைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோங்க,” என்றாள் பாக்கியம்.

“பொறு. முறையா எழுதி டாக்டரையே வரவழைக்கிறேன். கூட்டத்தோட கூட்டமா வரிசையில கொண்டுபோயி நிறுத்துறதா?”

நான் சொன்னது அது. மனசில் இருந்தது வேறு. தொண்டை அடைப்பான் கண்ட பிள்ளைகளைத் தனி வார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பின் வரிசை வீட்டுப் பையன் ஒருவனை அப்படிக் கொண்டுபோனார்கள். அவன் அப்பா மட்டும் கையில் மகனின் சட்டையோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் உட்கார்ந்து எழுதினேன். வரைவு ஒன்று, திருத்தம் ஒன்று, மை சிந்தியது ஒன்று, கடைசியில் சுத்தப் பிரதி. பன்னிரண்டு மணிக்கு ஆறுமுகம் சைக்கிளில் கொண்டுபோனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“ஆஸ்பத்திரி கிராணிகிட்ட கொடுத்திட்டேன்யா. கவர்ல இருந்த எழுத்தப் பார்த்திட்டு, எந்திரிச்சு நின்னுல வாங்குனாரு.”

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை உள்ளே அப்படிக் கிடந்த வேளையில் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தத் தொடரில் எதையும் மறைக்க மாட்டேன் என்று முதல் வாரம் சொன்னேன். அதனால் இதையும் எழுதுகிறேன்.

ஒரு மணி ஆயிற்று. டாக்டர் உட்கார்வதற்கு நாற்காலியைத் துடைத்து வைத்தேன். கோட்டு போட்டுக்கொண்டேன். இரண்டு மணி ஆயிற்று. மழை பிடித்துக்கொண்டது. டாக்டரின் கார் வழி தவறிவிடக் கூடாதே என்று குடையை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போய் நின்றேன். இரண்டு கார்கள் வந்தன. இரண்டும் சேற்றை அடித்துவிட்டு நேராகப் போய்விட்டன.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பாய் காலியாக இருந்தது. அதில் பிள்ளையின் உடம்பு வேர்த்த ஈரம் மட்டும் இருந்தது.

ஆறுமுகத்தின் மனைவி வேலிப் பக்கம் வந்தார்.

“அக்கா பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரிக்ஷா ஏறிட்டாங்கய்யா. உதடு நீலமாப் போச்சு பிள்ளைக்கு. ஐயாவக் கூட்டியாரவான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“வேணாம், அவங்க வந்தா திரும்பவும் எழுதுவாங்கன்னாங்க.”

பாக்கியம் சொன்னது

ஓடினேன். குடையை எங்கே விட்டேன் என்று இன்றுவரை தெரியாது. பாலத்தைத் தாண்டியபோது ஒரு செருப்பு போயிற்று. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஏறியபோது, பாக்கியம் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மடி காலியாக இருந்தது. எதிரே ஒரு கதவு சாத்தியிருந்தது.

“எங்கே?”

அவள் கதவைக் காட்டினாள்.

“டாக்டர் பார்த்தாரா?”

“அவரேதான் என் கையிலேர்ந்து வாங்கிட்டு ஓடினாரு. கழுத்துல ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணுமாம். மூச்சு வரதுக்கு.”

“நீ என்ன சொன்னே அவர்கிட்ட?”

பாக்கியத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. பாசாரில் மீன்காரரிடமும் காய்காரரிடமும் பேசிப் பழகிய மலாய் தெரியும். அதில்தான் சொல்லியிருக்கிறாள்.

“துவான், பூடாக் இனி தா போலே நாபாஸ். ஐயா, இந்தப் பிள்ளையால மூச்சு விட முடியலன்னு சொன்னேன்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்னங்க இருக்கு சொல்ல?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், நான் ஏதாவது சொல்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஏதோ பாத்திரம் தரையில் விழுந்து உருண்டது. பாக்கியம் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி கிராணி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். நம்மவர். பிரிவுபசாரங்களில் என்னைப் பார்த்திருக்கிறார். கையில் என் கடிதம்.

“ஐயா, இது உங்க வீட்டுப் பிள்ளைன்னு இப்பதான் தெரிஞ்சுது. துரை முதல் பக்கம் படிச்சாரு. சிரிச்சாரு. ‘இவங்க ஏதோ விழா வைக்கிறாங்க போல, நாளைக்கு நல்லபடியாப் பதில் எழுதுவோம்’னு சொல்லி, பேப்பர் வெயிட்டுக்கு அடியில வச்சிட்டாரு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

அவர் தயங்கினார்.

“எழுத்து என்னமோ பிரமாதம்யா.”

வாங்கிப் படித்தேன். யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படித்தேன். முதல் பக்கத்தில் டாக்டரின் மகத்துவம், அவருடைய கைகளின் கீர்த்தி, அவர் பிறந்த தேசத்தின் மாட்சிமை, அவர் நிழலில் இந்த மாநிலமே இளைப்பாறுவது. இரண்டாம் பக்கத்தில், நான்கு வரிக்குக் கீழே, என் விதிப்படி, என் மகள் வந்தாள். அவள் பெயர்கூட இல்லை. ‘எளியேனின் குடும்பத்தின் இளைய அங்கத்தினர் ஒருவர் தொண்டை சம்பந்தமான உபாதைக்கு ஆளாகியிருப்பதால், தங்களுக்கு ஓய்வு கிடைக்கும் வேளையில் எளியேனின் குடிலுக்கு எழுந்தருளினால்’ என்று போயிற்று அந்த வாக்கியம்.

ஓய்வு கிடைக்கும் வேளையில். அதை நான் எழுதியிருக்கிறேன், நல்ல கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். சட்டைக் கையில் ரத்தம். என்னிடம் இங்கிலீஷில் பேசினார். பிள்ளை மூச்சு விடுகிறாள், விஷத்தை முறிக்க ஊசி போட்டாயிற்று, இருதயம் தாங்க வேண்டும், பத்து நாள் போக வேண்டும் என்றார். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“இரண்டாம் பக்கத்தைத் திருப்பியிருக்க வேண்டும். என் தவறு,” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. இரண்டு கையையும் கூப்பினேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் பாக்கியத்தின் பக்கம் திரும்பி, “பாகுஸ்,” என்றார். மலாயில் ‘நல்லது’ என்று அர்த்தம். பெரியவர்கள் சிறு குழந்தையிடம் சொல்வதுபோல் மிருதுவாகச் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் பாக்கியம் அழுதாள்.

வீட்டில் சொல்லாத சொல்

பல மழைக்காலங்கள் போய்விட்டன. இந்த இடத்தில் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன். பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று ஏன் என்னால் எழுத முடியவில்லை?

மரியாதையினால் என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான். ‘சாவு’ என்ற சொல்லை நம் வீடுகளில் சொல்ல மாட்டோம். யாராவது வாய் தவறிச் சொன்னால் பெண்கள் வாயைப் பொத்துவார்கள். பேனாவால் எழுதினால் நடந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை மூட எவ்வளவு பெரிய துணி வேண்டுமோ, அவ்வளவு பெரிய சொற்களைத் தேடி இழுத்துப் போர்த்தினேன். பயம் கூடக் கூடச் சொல்லும் நீண்டது. அன்று காலையில் நான் எழுதியதுபோல் அலங்காரமாக அதற்கு முன் எப்போதும் எழுதியதில்லை.

பதறுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். சரசு நன்றாக இருக்கிறாள். வளர்ந்த பெண். கழுத்தில் ஒரு சிறு தழும்பு, குரலில் கொஞ்சம் கரகரப்பு. பக்கத்து அறையில் அவள் இருமினால், எழுதிக்கொண்டிருப்பதை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். “சும்மா இருமினேன்ப்பா, உக்காருங்க,” என்பாள். இந்த அத்தியாயத்தை எழுதும்போது இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது.

ஜன்னலுக்கு அப்பால்

தனி வார்டைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருபது முப்பது அடி தூரம், புல்தரை. எங்களுக்கும் ஊசி போட்டுவிட்டு, இதற்கு மேல் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாக்கியம் காலையிலிருந்து மாலை வரை வேலியோரம் நின்றாள். நான் காலையில் வந்து பார்த்துவிட்டு ஆபீஸுக்குப் போய், மத்தியானம் ஓடி வந்து, மறுபடி போய், சாயங்காலம் வந்து நின்றேன்.

கழுத்தில் குழாய் இருந்ததால் சரசுவால் பேச முடியாது. நான்காம் நாள் நர்ஸம்மா அவளைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, கையில் ஒரு சிலேட்டைக் கொடுத்திருந்தார். சரசு அதில் ஏதோ எழுதி ஜன்னலில் தூக்கிக் காட்டினாள். ‘தோசை’ என்று இருந்தது. பாக்கியம் சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“இங்கேர்ந்து கத்துனா ஜன்னலுக்கு உள்ள கேக்காது. நமக்கும் ஒரு சிலேட்டு வாங்கிட்டு வாங்க. ஓடுங்க.”

ஓடிப்போய் வாங்கி வந்தேன். ‘குழாய் எடுத்ததும் சுடுகிறேன்’ என்று பாக்கியம் எழுதிக் காட்டினாள். ‘எத்தனை’ என்று வந்தது. ‘பத்து’. ‘பொய்’. இப்படியே ஒரு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் காலை, சரசுவுக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த பிள்ளையின் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் வந்தபோது அந்தக் கட்டிலில் வெறும் கம்பிதான் இருந்தது. சரசு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிலேட்டை எடுத்தாள். ரொம்ப நேரம் எழுதினாள். தூக்கிக் காட்டினாள்.

‘அப்பா நான் செத்துப் போவேனா.’

பாக்கியம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் சிலேட்டை என்னிடம் நீட்டினாள்.

‘மாட்டாய்’ என்று சிலேட்டு முழுவதும் வருகிற மாதிரி பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினேன். அழகாகக்கூட எழுதியிருந்தேன். சரசு அதைப் படித்தாள். படித்துவிட்டு, எழுதியதை அழிக்காமல், தன் சிலேட்டை அப்படியே மறுபடியும் தூக்கிப் பிடித்தாள்.

“நம்பலை,” என்றாள் பாக்கியம் மெதுவாக.

அழித்தேன். சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நாள் எழுதிய எனக்கு, ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. சரசு கையை இறக்கவில்லை.

“எழுதுங்க,” என்றாள் பாக்கியம். “பிள்ளைக்குக் கை வலிக்கும்.”

எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. திருத்தவில்லை.

‘தெரியாது. அப்பாவுக்குப் பயமாக இருக்கு.’

பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ, பிள்ளைகிட்டப் போயி இதையா,” என்று என் கையைப் பிடித்தாள். அதற்குள் தூக்கிக் காட்டிவிட்டேன்.

சரசு உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அவள் முகம் மாறியது. பயந்து மாறவில்லை. இவ்வளவு நேரம் தனியாக ஒரு கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தவள், மறுமுனையில் யாரோ கை வைத்ததை உணர்ந்தவள்போல் இருந்தது. சிலேட்டை மடியில் வைத்து, விரலால் அழித்து, எழுதினாள்.

‘எனக்கும். ஆபீசுக்குப் போகாதீங்க.’

இருபது வருஷ வேலையில், மனு எழுதாமல், தகவல் சொல்லாமல் நான் ஒருநாளும் நின்றதில்லை. அன்று நின்றேன். சிலேட்டைப் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன். சரசு பார்த்தாள். நான் நகரவில்லை என்று இன்னொரு தரம் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, கண்ணை மூடினாள்.